கடைசியாகப் பார்த்தவர்

போலீஸ் முதல்முறை விசாரித்தபோது லிஃப்ட் மெக்கானிக் வாய் ஓயாமல் பேசினார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். மச்சினனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டார். வழியில் இருவரும் டீ குடித்தார்கள். புதுச் செருப்பு கடிக்கிறது என்று அவன் அலுத்துக்கொண்டான். வாசலில் நெரிசலாக இருந்ததால் உள்ளே போகாமல் வெளியிலேயே இறக்கிவிட்டார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன் மாமா" என்றான். போன் வரவில்லை. வேலைக்கும் அவன் போய்ச் சேரவில்லை. மனைவிக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான்.

இரண்டாம்முறை கேட்டபோது டீ என்பதற்குப் பதில் காபி என்று வாய் தவறி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு டீன்னீங்க."

"டீதான் சார்."

"இப்ப காபின்னீங்களே."

"ஏதோ ஒண்ணு சார். குடிச்சோம், அவ்வளவுதான்."

"ஏதோ ஒண்ணுன்னு எழுத முடியுமா?"

அந்த ஒரு தம்ளருக்காக அன்று பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வரும் வழியிலேயே மெக்கானிக் முடிவு செய்துவிட்டார். இனிமேல் டீ. யார் கேட்டாலும் டீ. செருப்பு, நெரிசல், வாசல், எல்லாம் அதே வரிசையில், அதே வார்த்தையில்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிறவர் பழைய கேஸ் கட்டைத் தூசி தட்டுவார், மெக்கானிக்கு அழைப்பு வரும். "கடைசியா பாத்தது நீங்கதான?" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். அவரும் ஆரம்பிப்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறெங்கோ இருக்கும். ஆஸ்பத்திரி லிஃப்டின் பிரேக் ஏன் சத்தம் போடுகிறது, நாளைக்குக் கம்பிக்கயிற்றைப் பார்க்க வேண்டும் என்று ஓடும். வாய் மட்டும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர் மனம்விட்டுப் பாராட்டினார். "உங்க ஸ்டேட்மெண்ட் எழுதுறதுதான் சார் சுகம். கமா எங்க வரும்னுகூட எனக்குத் தெரியும்."

மூன்றாவது இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சுறுசுறுப்பானவர். மெக்கானிக் வேலை பார்த்த கட்டடங்களில் எல்லாம் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிகளைத் தேடச் சொன்னார். லிஃப்டை மேல்மாடியில் நிறுத்தி, கதவைத் திறந்து, குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டியது மெக்கானிக்தான். அந்த லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. குழியில் எண்ணெய்த் தண்ணீரும் ஒரு குழந்தையின் ஒற்றை ஷூவும் ஐஸ்கிரீம் குச்சிகளும் கிடந்தன. மாடிப்படியில் கூடி நின்றவர்கள் குழியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் இரண்டு கட்டடங்கள் வேறு மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிவிட்டன.

கம்பெனியில் அவரோடு வேலை செய்த சோடாபுட்டி மட்டும் முகத்துக்கு நேரே பேசுவான். "அண்ணே, நான் நடந்தே வர்றேன். உங்க வண்டில ஏறினா எங்க வீட்ல தேடுவாங்க." மற்றவர்கள் முதலில் திடுக்கிட்டு, பிறகு சிரிப்பார்கள். மெக்கானிக்கும் சிரிப்பார். "உன்னையெல்லாம் எவன்டா தேடுவான்" என்பார். அந்த ஊரில் அவருக்கு மூச்சுவிட இருந்த இடம் அந்த ஒரு கேலிதான்.

வீட்டில் கேலி இல்லை. மாமியார் திட்டவும் இல்லை. வாய்க்கு வாய் 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டார். மெக்கானிக் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம், "அவரு சாப்பிட்டாராமா?" என்று கேட்பார். மனைவி எதையும் கேட்கவில்லை. முதல் வருடம் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்தது. நம்புகிறவளும் கேட்க மாட்டாள், நம்பாதவளும் கேட்க மாட்டாள். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அவருக்கு வேண்டியது ஒரு காரணம். மச்சினன் உயிரோடு கிடைத்தால் நாலு அறை விட்டுக் கூட்டி வரலாம். செத்திருந்தால் எப்படிச் செத்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். லாரி மோதியது, நெஞ்சுவலி, அவன் பையின் மேல் ஆசைப்பட்டு எவனோ குத்தியது, எதுவாக இருந்தாலும் சரி. அதை மனைவி முன்னால் வைத்துவிட்டு ஒரு முழு நாள் தூங்க வேண்டும்.

கடைசியில் கிடைத்தான். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த செங்கல் சூளையின் பின்னால் புதர் வெட்டப் போனவர்கள் பார்த்தார்கள். எலும்புகளும் ஒரு பெல்ட்டும். மாமியாரின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டு அவன்தான் என்று முடிவு வர மேலும் சில மாதங்கள் ஆயின. இப்போதைய இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர். மெக்கானிக்கும் மனைவியும் எதிரே உட்கார, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எலும்புல அடி எதுவும் இல்லம்மா. முறிவும் இல்ல. எப்படி இறந்தார்னு டாக்டரால சொல்ல முடியல."

"அந்தப் பக்கம் எதுக்கு சார் போனான்?" என்றார் மெக்கானிக். "பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம். சூளை ஊருக்கு அந்தக் கோடியில."

"அதான் சார் எங்களுக்கும் தெரியல."

"கொலையா, தானா செத்தானா, அதையாவது..."

"எதுவாவும் இருக்கலாம் சார். காரணம் தெரியலைன்னு போட்டுத்தான் முடிக்கப் போறோம்." இன்ஸ்பெக்டர் ஆறுதலாகச் சிரித்தார். "இனிமே உங்களைக் கூப்பிட மாட்டோம்."

கூப்பிட மாட்டார்கள் என்றால் இனி ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒரு கணம், கூப்பிடுங்கள் சார் என்று கெஞ்சலாமா என்றுகூட மெக்கானிக்குத் தோன்றியது. மனைவி எழுந்து நின்றாள். "போலாங்க" என்றாள்.

செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார்கள். வந்தவர்கள் மாமியாரிடமும் மனைவியிடமும் துக்கம் கேட்டார்கள். மெக்கானிக்கிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் ஒரு விடுமுறைநாள் மதியம். மாமியார் உள்ளறையில் படுத்திருந்தார். மெக்கானிக் ஜன்னலோரம் உட்கார்ந்து நகக்கண்ணில் ஏறிய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு வண்டில போறப்ப அவன் என்ன பேசினான்?"

மெக்கானிக்கின் கை நின்றது. இத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவர் நினைத்ததில்லை. துணியைக் கீழே போட்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். வீட்டிலிருந்து கிளம்பியது, டீ குடித்தது, புதுச் செருப்பு கடிக்கிறது என்று அலுத்துக்கொண்டது, வாசலில் நெரிசலாக இருந்ததால் வெளியிலேயே...

அவள் மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ஸ்டேஷன்ல சொல்ற மாதிரியே சொல்றீங்களே."

அவர் காதிலும் அது விழுந்தது. 'இறக்கிவிட்டேன்' என்று வாக்குமூலத்தில் எழுதுவதுபோலச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ரைட்டர் எழுதி முடிக்க இடம் விட்டிருந்தார். நடந்தது நடந்தபடிதான். ஆனால் மனப்பாடம் செய்த பாடம்போல வந்து விழுந்தது. வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். வேறு மாதிரி வரவில்லை. அந்த நாளில் அவருக்கு மிச்சம் இருந்ததே அந்த வரிகள்தான்.

"இரு," என்றார். "இரும்மா." கண்ணை மூடிக்கொண்டார். எழுதப்படாத ஏதாவது ஒன்று வேண்டும். ரொம்ப நேரம் துழாவினார்.

"அவன் தூங்கினான்," என்றார். "டீ குடிச்சுட்டு ஏறினதும் என்மேல சாஞ்சு தூங்கிட்டான். எச்சில் ஒழுக. இறங்கினப்புறம் பாத்தா தோள்ல சட்டை நனைஞ்சிருந்துச்சு. கர்ச்சீப்பால தொடச்சு விட்டான். ஆபீஸ்லயும் இப்படித் தூங்கி வைக்காதடான்னேன். சிரிச்சான்."

சொல்லச் சொல்ல அவருக்கே தோள் சில்லென்றது. எந்த இன்ஸ்பெக்டருக்கும் கொடுக்காத ஒன்றை அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டதாக நினைத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளும் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தாள்.

"இத ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?"

யாரும் கேட்கவில்லை என்று சொல்லலாம். அப்போது பெரிதாகத் தோன்றவில்லை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் எப்படி ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் இன்னொரு துண்டை எடுத்து உதறினாள். மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எந்தத் தோள்ல?"

தம்பியின் தலை இருந்த இடத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் அக்கா கேட்கிறாளா, சரிபார்க்கிறவள் கேட்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இடது," என்றார்.

வலதாகவும் இருக்கலாம் என்று உடனே தோன்றியது. திருத்தவில்லை. இனி எப்போது கேட்டாலும் இடதுதான்.