விட்டுப்போன வரி

அச்சகத்தில் அவரைக் கழுகு என்பார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு புள்ளி தப்பாது. அவரும் ஒருமுறை சறுக்கினார். வேதப் புத்தகத்தின் புதுப் பதிப்பில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கின. அச்சுக் கோத்தவர் ஒன்றைத் தாண்டிவிட்டார்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த கழுகின் கண்ணும் அதையே தாண்டியது. புத்தகம் வெளியே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை.

அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு ஒரு பேச்சாளர் கிளம்பினார். ஒவ்வோர் ஐம்பதாவது எழுத்தாக எண்ணிக்கொண்டே போனால் மறைபொருள் வருமாம். வராவிட்டால் நாற்பத்தொன்று; அதுவும் வராவிட்டால் பின்னாலிருந்து. இப்படிச் சலித்தால் எந்தக் குப்பையிலும் நாலு சொல் தேறும். ஆனால் அவர் சலித்தது நோயாளிகளின் பயத்தை.

கழுகின் அக்காவுக்கு மார்பில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பேச்சாளர் அவள் பெயரையும் 'கத்தி வேண்டாம்' என்பதையும் ஒரே பக்கத்தில் கண்டெடுத்துக் கொடுத்தார். அக்கா ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பேச்சாளரின் கூட்டத்தில் கழுகு, அந்த வரி விடுபடாத பழைய பதிப்போடு எழுந்தார். முன்வரிசையில் அச்சக முதலாளி; பெண்கள் பக்கம் அக்கா.

"நீங்க எண்ணுற பதிப்புல ஒரு வரி விட்டுப்போச்சு. தப்பு என்னோடது. அதைச் சேர்த்து எண்ணுங்க பாப்போம்."

எண்ணிக் காட்டச் சொல்லிக் கூட்டம் பேச்சாளரை விடவில்லை. வரியைச் சேர்த்ததும் மேடைத் திரையில் அக்காவின் பெயர் போய், பொருளில்லாத எழுத்துகள் வந்து நின்றன.

முதலாளி பல்லைக் கடித்தார். "நாளையிலிருந்து அச்சகத்துப் பக்கமே வந்துராதே!"

பேச்சாளர் அசரவில்லை. "தப்பா? கடவுளே உங்க கண்ணை மறைச்சு அந்த வரியை எடுத்துட்டாரு, தம்பி!" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அக்கா எழுந்தாள்.

"நிறுத்துங்கய்யா. சோறு உள்ள போனா கண்ணு சொக்குற ஆளு இவன். என் கல்யாணத்துலயே நின்னுக்கிட்டே தூங்குனவன். இவன் தூங்கி வழிஞ்சதுக்குக் கடவுள் மேலயா பழி போடுவீங்க? நான் கும்பிடுற சாமிக்கு வேற வேலை இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. பேச்சாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கழுகு பின்னால் ஓடினார்.

"ஊருக்கு முன்னால மானத்தை வாங்கிட்டியேக்கா."

"இருந்தாத்தானே வாங்க? வியாழக்கிழமை எத்தனை மணிக்குடா வரச் சொன்னாங்க?"

"ஏழு மணிக்கு. வெறும் வயித்தோட."