அக்காவின் முட்டிக்கு எக்ஸோசோம்

"உன் லேப்ல இருக்கே, அதுல ஒரு சின்ன போத்தல் எடுத்துட்டு வந்து என் முட்டியில போட்டு வுடேன்லா. யாரு கேக்கப் போறா?"

சில மாதங்களுக்கு முன், பாரோய் ஊரில் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு என் அக்கா புஷ்பம் இப்படிக் கேட்டார். கேட்டது என் மகள் கவிதாவிடம்.

அக்காவுக்கு வயது அறுபத்து மூன்று. செண்டாயான் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் ஓர் எஸ்டேட்டில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் கன்று நர்சரியில் வேலை. குந்தி உட்கார்ந்து பையில் மண் நிரப்பி நிரப்பியே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வலது முட்டி வீங்கி வேறு நிற்கிறது. ஜொகூரில் இருக்கும் மகன், "முடியலன்னா இங்க வந்துடும்மா" என்கிறான். அவன் வீடு அடுக்குமாடியில். அக்காவுக்கு முட்டி வலியைவிட அதுதான் பெரிய பயம்.

"அங்க போய் யாரோட பேசறது, லிஃப்ட்டோடயா?"

கவிதா ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். நம் உடம்பின் செல்கள் சும்மா இருப்பதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகளில் சேதி வைத்துக் கட்டி, பக்கத்து செல்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அதில் ஒரு வகைக்குப் பெயர் எக்ஸோசோம். தேயும் மூட்டில் அந்தப் பைக்குள் இருக்கும் சேதியே மாறிவிடுகிறது. அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்துவிட்டால், எக்ஸ்ரேயில் தெரியும் முன்பே தேய்மானத்தைப் பிடித்துவிடலாம். நல்ல செல்கள் அனுப்பும் பைகளை மூட்டுக்குள் செலுத்தினால் குருத்தெலும்பு தேறுமா என்றும் பார்க்கிறார்கள். உலகம் முழுக்க இப்போது இதே பேச்சுத்தானாம்.

"அத்தே, நாங்க எலிக்குத்தான் போட்டுப் பாத்திருக்கோம்."

"எலிக்கு நல்லாச்சா?"

"ஓரளவுக்கு ஆச்சு."

"அப்ப எலியைவிட நான் கேவலமா?"

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்...

அந்த வாரமே போன் வந்தது. "தம்பி, காடி எடுத்துட்டு வா. கிளினிக் போவணும்."

போனால், அது கிளினிக் இல்லை. ஒரு கடைவரிசையின் மாடியில் அழகு நிலையம்! முகத்துக்குப் போடும் எக்ஸோசோமை முட்டிக்கும் போடுகிறார்களாம். விளம்பரத்தை யாரோ அக்காவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறும்போது அக்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்கா கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஊசி போட முட்டியைத் துடைத்தாள். நான் ஓரமாக நின்று கவிதாவுக்குப் போன் அடித்தேன்.

"அப்பா, போத்தல்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். தோலின் மேல் பூச மட்டும் என்று இருந்தது.

"ஐயோ, உள்ள ஊசி போடக் கூடாதுப்பா! அத்தைக்கு இனிப்புநீர் வேற, ரத்தத்துல சக்கரை கூட. மூட்டுக்குள்ள கிருமி போயிட்டா காலே போயிடும். ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். அந்தப் பெண் விடவில்லை. "எல்லாருக்கும் போடறோம் அங்கிள். நூறு பெர்சண்ட் கேரண்டிலா!"

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கவிதா, நீ படிக்கிற மருந்து எப்ப வரும்? நான் நடக்கிற காலத்துல வருமா?"

போனில் கவிதாவின் அழுகிற குரல். "தெரியல அத்தே. சத்தியமா தெரியல. மனுசங்களுக்கு இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா சோதிச்சுப் பாக்கறாங்க. எவ்வளவு போடணும், எந்த செல்லுல இருந்து எடுக்கணும்னே இன்னும் முடிவாகல. ரெடியா இருந்தா உங்களுக்குத்தானே மொதல்ல கேப்பேன்? எறங்கி வந்துடுங்க அத்தே..."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். மெல்லக் காலைத் தொங்கப்போட்டு, செருப்பைத் தேடி மாட்டினார்.

காரில் ஏறியதும் சொன்னார். "ராப்பகலா அதையே பாக்கறவ தெரியலங்கிறா. இவ நூறு பெர்சண்ட்டுங்கிறா. எவ மேல தம்பி நம்பிக்கை வரும்?"

யோசித்துப் பாருங்கள். உங்கள் போனுக்கு வரும் அற்புத மருந்துகளில் ஒன்றாவது 'தெரியாது' என்று சொல்லியிருக்கிறதா?

வீடு வரும்வரை அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு அரசாங்க மருத்துவமனை. தொடையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு என்று அலுப்பூட்டும் சமாச்சாரங்கள்தான். அக்கா முனகிக்கொண்டே செய்தார். நர்சரியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சண்டை போட்டு ஒரு பெஞ்சு வாங்கினார். இப்போது குந்துவதில்லை, பெஞ்சில் உட்கார்ந்துதான் பை நிரப்புகிறார். வலி போய்விடவில்லை. ஆனால் ஜொகூர்ப் பேச்சு நின்றுவிட்டது.

வீங்கிய முட்டியிலிருந்து டாக்டர் நீர் எடுத்தபோது, ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். கவிதாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் நீர்தான். அக்கா உடனே தலையாட்டிவிட்டார். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்றதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

போன வாரம் நர்சரிக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பெண்களிடம் அக்கா அளந்துகொண்டிருந்தார்.

"எங்க குடும்பத்துல ரெண்டு பேரு யுனிவர்சிட்டிக்குப் போயிருக்கோம்லா. ஒண்ணு கவிதா. இன்னொண்ணு என் முட்டி!"