சிவப்பு விழாத மலை

ஆஸ்பத்திரிச் சுவரில், மதினியின் கட்டிலுக்கு எதிரே, கட்டுப்போடும் பிளாஸ்திரியால் ஒட்டிய ஒரு தாள். அதில் ஒரு மலை, மலையின் தோளில் மேகம், அடிவாரத்தில் ஒற்றை மரம். எல்லாம் நீலமும் கறுப்பும்தான். மதினியை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்னால் அந்த மலைதான் எனக்கு வருகிறது.

அவள் என் அண்ணன் பெண்டாட்டி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். எனக்கும் சேர்த்து மதினிதான் பேசுவாள். "எங்க நாத்தனா அவ வாயையும் எங்கிட்டத்தான் குடுத்து வச்சிருக்கா" என்று ஊரெல்லாம் கேலி செய்வாள்.

ஒரு தீபாவளி சீசனில் அவள் வேலை செய்த ஷெட் தீப்பிடித்தது. கழுத்தும் முதுகும் இரண்டு கைகளும் வெந்துபோயின. உயிர் தங்கியது. ஆனால் கட்டு மாற்ற அவள் விடவில்லை. சிஸ்டர் தட்டோடு வந்தாலே அலறினாள். புண்ணைத் துடைக்காமல் விட்டால் சீழ் வைத்துவிடும், பிறகு பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

கண்ணை மூடினால் தீ தெரிகிறது என்றாள். கண்ணைத் திறந்தாலோ எதிரே ஒரு காலண்டர், கடலில் சூரியன் இறங்கும் படம். "அத எடுங்க, எரியுது" என்று அழுதாள்.

சிஸ்டர் குனிந்து, "அது கன்னியாகுமரிம்மா, தீ இல்ல" என்றார்.

"கன்னியாகுமரியா இருந்தா என்ன தாயி, எரியுதுல்ல?"

காலண்டரைக் கழற்றிவிட்டு நான் ஓர் அருவிப் படம் கொண்டுபோய்க் காட்டினேன். அதிலும் இலைகளின் மேல் மஞ்சள் வெயில் மின்னியது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் அச்சகத்தில் இருந்தது இரண்டு கலர் மிஷின். தாள் இரண்டு தரம் ஓட வேண்டும். முதலில் கறுப்பும் நீலமும் விழும்; காய்ந்த பிறகு சிவப்பும் மஞ்சளும். முதல் ஓட்டத்தில் கழியும் தாள்கள் மூலையில் கிடக்கும், பார்சல் சுற்ற உதவும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு மலைப் படம். கழிவில் ஒரு தாளை எடுத்து நின்றேன். மிஷின்காரர் பார்த்துவிட்டார்.

"எதுக்குக்கா அது? ரெண்டு கலர் விழாத தாளு. சீக்குக்காரி மாதிரில்ல இருக்கு."

"சீக்குக்காரிக்குத்தான்" என்றேன். அவரிடம் நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

சிஸ்டர் பிளாஸ்திரி கிழித்துக் கொடுத்தார், ஒட்டினேன். மதினி வெகுநேரம் பார்த்தாள். "மழை வரப்போகுது புள்ள" என்றாள். எங்கள் பக்கத்தில் மேகத்தைக் கண்டால் யாருக்கும் ஆகாது. சரக்குக் காயாது, வேலை நிற்கும். சீசனில் வானம் கறுத்தால் மதினி மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவாள். அவள்தான் அந்தக் காகித மேகத்தை அப்படிப் பார்த்தாள். "எம்புட்டு வைதிருக்கேன் இந்த மேகத்த. கோவிச்சுக்காம வந்திருக்கு பாரேன்."

அன்று கட்டு மாற்ற விட்டாள். பல்லைக் கடித்தாள், கண்ணீர் வழிந்தது. கண் மட்டும் மலையை விட்டு நகரவில்லை. படத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டா என்று கேட்டால் படித்தவர்கள் என்ன சொல்வார்களோ. வலி குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வலியை வைத்துக்கொண்டு போய் நிற்க அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, அந்த மலையக் கொஞ்சம் இங்கன தள்ளி ஒட்டப்படாதா?"

"இது எங்க மலை. ஒங்களுக்கு வேணும்னா வேற மலைக்கு ஆர்டர் போடச் சொல்றேன்" என்றாள் மதினி. பழைய மதினி திரும்பிவிட்டாள் என்று நம்பினோம்.

ஆனால் காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. கடைசியில் பேச்சுக் குழறிய நேரத்திலும், "அங்கன தூறல் போட்ருச்சா புள்ள?" என்று கேட்டாள். "போட்ருச்சு மதினி, நல்லா நனையுது" என்றேன். மறுநாள் போய்விட்டாள். தாளை எடுக்கப் போனபோது பக்கத்துக் கட்டில் அம்மா மலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த பிறகு அண்ணன் கேட்டார்: "அந்த மலை காலண்டரா வந்தா ஒண்ணு கொண்டா. அவ பாத்துக்கிட்டே இருந்த மலை. வீட்ல மாட்டணும்."

நான் வேலைக்குத் திரும்பியபோது நான்கு கலரும் விழுந்த தாள்கள் தகரத்துக்காக என் முன்னால் அடுக்கிக் கிடந்தன. அது மழை மேகம் இல்லை. விடியற்காலை. மலை உச்சியிலிருந்து மரம்வரை செக்கச்செவேல் என்று பற்றி எரிந்தது. படம் எடுத்தவர் எந்தக் குளிரில் எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ அந்தச் சிவப்புக்காக. அழகான படம்தான், குறை சொல்ல முடியாது. அந்தப் படத்துக்குத்தான் நாளெல்லாம் தகரம் அடித்தேன்.

இப்போது பேரப்பிள்ளைகளின் போனில் தினம் ஒரு மலை வருகிறது. நன்றாக இருக்கிறதா ஆச்சி என்று கேட்கிறார்கள். யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று சொல்லத் தோன்றும்.

அப்போது அண்ணனுக்கு ஒரு காலண்டர் கொண்டுபோனேன். கேட்டவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சுருளைப் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு அவர் முகத்தில்கூட விழுந்தது போலிருந்தது.

"ஏத்தா, இது அந்த மலை இல்லயே."

"ஆமாண்ணே" என்றேன். "இது வேற மலை."