மாமா வாசித்த கடைசி அத்தியாயம்

செரம்பானில் மர்மக் கதை வாசிக்கிறவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள், எழுதுகிறவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டுவார்கள், பிறகு மீகூன் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். என் மகள் என்னையும் பாரோயிலிருந்து காரில் அழைத்துப்போவாள். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். போன கூட்டத்தில், முதன்முதலில் உங்களை அசரவைத்த மர்மக் கதை எது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வருவதற்குள் நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. வாயால் சொல்லாததை எழுதியாவது கொடுத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சுவா என்கிற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வேறு ஆள். விடிந்ததும் சைக்கிளில் முச்சந்திக்குப் போய், பஸ்ஸில் வரும் தமிழ்ப் பத்திரிகைக் கட்டை எடுத்துவந்து தோட்டத்தில் விற்பார். முதலில் நாலு பத்திரிகைதான் போய்க்கொண்டிருந்தது. அதில் வந்த மர்மத் தொடரை மாமா கையில் எடுத்த பிறகு முப்பதைத் தாண்டியது.

கையில் எடுத்தது என்றால், சனிக்கிழமை சாயங்காலமே பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், மாட்டியிருக்கும் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிவைப்பார். ‘நாளைக்கு ஒரு கதவு திறக்கும். உள்ளே யார்?’ அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் சோறு இறங்காது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அவர்களுக்காக மூன்று மணிக்கு ரம்புத்தான் மரத்தடியில் மாமாவே வாசித்துக் காட்டுவார். தெரிந்தவர்களும் வந்து உட்காருவார்கள். அவர் வாசித்தால்தான் பயமாக இருக்கிறது என்பார்கள்.

காற்றில் பறக்காமல் பத்திரிகையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அதனால் அவரோடு சேர்ந்து நானும் வரி வரியாகப் படித்துக்கொண்டே போவேன். மாமாவுக்குச் சில எழுத்துகள் வந்தால் நாக்கு இடறும். ‘விஷம்’ என்பதை ‘வி’ என்று நிறுத்தி, மூச்சை இழுத்து, ‘ஷம்’ என்பார். அந்த ஒரு மூச்சில் பெண்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். காய்ந்த தாளில் கிடக்கும் கறுப்பு எழுத்து, அன்றாடம் அட்டையும் பாம்பும் பார்க்கிற ஐம்பது பேரை இப்படி நடுங்கவைக்கிறதே என்று எனக்குத் தாளாத வியப்பு. சாமி வந்து ஆடுகிறவரைப் பார்ப்பதுபோலத்தான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் சொல்லவந்த கதை, பால் மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற, ஒருவன் ஆசிட் குடித்துச் செத்துக் கிடப்பதில் தொடங்கும். பாலை உறையவைக்க ஊற்றுகிற ஆசிட்தான். தானாகக் குடித்துவிட்டான் என்று ஊர் சொல்லும். இன்ஸ்பெக்டர் மட்டும் நம்பமாட்டார். மாமாவுக்கு ஒரே குஷி. கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘நம்ம தோட்டத்துக் கதை மாதிரியே ஒரு கதை.’

அப்படி எழுத ஒரு காரணம் இருந்தது. முந்தின வருடம், எங்கள் லயத்தில், அந்த வீட்டு வரிசையில், கடைசி வீட்டு அக்காவின் கணவர், பாலை உறையவைக்கும் ஸ்டோரில் அதே ஆசிட்டைக் குடித்து இறந்துபோயிருந்தார். தீராத வயிற்று வலிக்காரர். போலீஸ் வந்து விசாரித்து, அவராகவே குடித்ததுதான் என்று எழுதிக்கொண்டு போனது. அதன்பிறகு அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. கதை வந்த பிறகுதான் பேசினார்கள்.

அந்த அக்காதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். கதை நேரத்தில் ஒரு பெரிய கேத்தல் நிறையக் கோப்பி போட்டு எடுத்துவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பவளும் அவள்தான். மூன்றாம் வாரம் வரை எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. அந்த வாரத்துக் கதையில், நடுப்பகலில் பிணத்தைப் பார்க்கவந்த டவுன் டாக்டர், இவன் விடிவதற்கு முன்பே செத்துவிட்டான், எழுந்ததும் குடித்த கோப்பியில்தான் ஏதோ இருந்திருக்கிறது என்று சொல்லுவார். பிணத்துக்குப் பக்கத்தில் வாளி நிறையப் பால் இருந்தது என்றும் எழுதியிருந்தது. மரத்தடியில் ஒரே சிரிப்பு.

“விடியறதுக்கு முன்னாடி செத்தவன் எப்படி லா வாளி நெறைய பால் எடுத்தான்?”

“செத்தப்புறம் எந்திரிச்சி மரம் வெட்டி, பால எடுத்துட்டு வந்து மறுபடியும் படுத்துக்கிட்டான் போல.”

“எழுதுனவரு ரப்பர் மரத்தப் படத்துலதான் பாத்திருப்பாரு.”

மாமாதான் எழுதினவருக்காகப் பரிந்து பேசினார். “கதைன்னா அப்படித்தான். மேல கேளுங்க.”

மேலே கேட்கக் கேட்க இன்ஸ்பெக்டர் மனைவியைச் சந்தேகப்படத் தொடங்கினார். கோப்பி கலந்து கொடுத்தவள் அவள்தானே. ஐந்தாம் வாரம் அக்காவின் கேத்தலில் பாதி மிஞ்சியது. ஆறாம் வாரம் யாருமே குவளையை நீட்டவில்லை. வயிறு சரியில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் அம்மா, இனிமேல் தலையை நானே பின்னிவிடுகிறேன் என்றாள். ஏழாம் வாரத்திலிருந்து அக்கா மரத்தடிக்கு வராமல், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் துணி அலசுவதுபோல நின்று கேட்டாள். எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அவளைக் கூப்பிட்டு, வேறு தோட்டத்துக்குப் போகிறாயா, சொல்லிவிடட்டுமா என்று கேட்டாராம்.

முன்வீட்டுப் பெரியம்மா வெளிப்படையாகவே சொன்னாள். “கதை முடியட்டும். அதுல பொண்டாட்டிதான்னு வந்துச்சுன்னா, இவளையும் நிக்கவச்சு ஒரு வார்த்தை கேட்டுப்புடணும்.”

“கதைக்கும் அவளுக்கும் என்ன இருக்கு?” என்று அப்பா கேட்டார்.

“நம்ம தோட்டத்துக் கதைன்னு பலகையில எழுதினது யாரு? நானா எழுதினேன்?”

மாமா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு அவர் பலகையில் எதுவுமே எழுதவில்லை. ஆனால் இனி எழுதத் தேவையும் இருக்கவில்லை. தோட்டம் முழுக்கக் கடைசி வாரத்துக்காகக் காத்திருந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு மாமா முச்சந்தியிலிருந்து திரும்பச் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. கையில் ஒரே ஒரு பத்திரிகை. “பாலத்துல கயிறு அறுந்து கட்டு ஆத்துல விழுந்திருச்சு லா. இது ஒண்ணுதான் தப்பிச்சது” என்றார். அதனால் என்ன, மாமா வாசிக்கத்தானே போகிறார் என்று ஐம்பது பேர் எண்பது பேராகக் கூடினார்கள். நான் போய் வழக்கம்போல ஓரத்தைப் பிடித்தேன். “இன்னைக்கு வேணாம் பாப்பா, அந்தப் பக்கம் உக்காரு” என்று தாளை உள்ளங்கை அளவுக்கு மடித்துக்கொண்டார்.

அன்று அவர் வாசித்ததை இத்தனை வயதாகியும் என்னால் மறக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைக்கிறார். மனைவியின் முன்னால் போய் நிற்கிறார். மரத்தடியில் எல்லாத் தலையும் குழாய்ப் பக்கம் திரும்புகிறது. இன்ஸ்பெக்டர் கேட்கிறார்: இவன் விடிவதற்கு முன் செத்தான் என்று சொன்னது யார்? டாக்டர் மட்டும்தான். அப்படியானால் அந்த வாளியில் பால் எப்படி வந்தது?

எங்கள் ஆட்கள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் வாரம் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்த வாளி.

மரம் வெட்டி, பால் வடிந்து, எடுத்து முடிக்கப் பதினோரு மணி ஆகும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். குடித்த இடத்திலேயே விழுந்தவன் பதினோரு மணிக்குத்தான் குடித்திருக்கிறான். பதினோரு மணிக்கு மனைவி எங்கே இருந்தாள்? பால் நிறுக்கிற இடத்தில், நூறு பேர் பார்க்க, வரிசையில் நின்றாள். மருந்து என்று சொல்லி அவன் கையில் சீசாவைக் கொடுத்தது, நேரத்தை மாற்றிச் சொன்னவன்தான். டாக்டர் ஓடப்பார்க்கிறான். விலங்கு மாட்டுகிறார்கள். முற்றும்.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “அவன் ஸ்டோர்ல விழுந்தப்ப இவ எனக்கு முன்னால வரிசையில நின்னுக்கிட்டிருந்தா. அத எப்படி நான் மறந்தேன்?”

குழாயடியில் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். கதையில் கொலைகாரன் பிடிபட்டதற்கு ஒருத்தி இப்படி அழுவாளா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஒரு இடத்திலும் இடறவில்லை. ‘விஷம்’ வந்தது, ஒரே மூச்சில் போய்விட்டது. அவர் கண் வரிக்கு வரி நகரவும் இல்லை. ஒரே இடத்தில் நின்றது.

இத்தனை மர்மக் கதை கேட்டவள் சும்மா இருப்பேனா. வீட்டுக்குப் போய், மாமா பத்திரிகை கட்டும் கயிற்றை மாட்டிவைக்கிற துணிக்கொடியைப் பார்த்தேன். பாலத்தில் அறுந்ததாகச் சொன்ன கயிறு அங்கே முழுசாகத் தொங்கியது. ஒரு முடிச்சுகூட இல்லை. மறுநாள் பகல் புகைக் கூடத்துக்கு மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். அடுப்பு வாயில், சாம்பலுக்குள் ஒரு கட்டு. தாளைக் கட்டாகப் போட்டால் ஓரம்தான் கருகும், நடு வேகாது. நடுவிலிருந்து ஒன்றை உருவி, உட்கார்ந்து படித்தேன். கோப்பியில் கலந்து கொடுத்தது மனைவிதான் என்று அச்சில் இருந்தது. பால் வாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதினவர் அதை மறந்தே போயிருந்தார்.

நிமிர்ந்தால் மாமா நின்றுகொண்டிருந்தார்.

“கொன்னது டாக்டர் இல்ல, மாமா” என்றேன்.

அவர் திட்டவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து, “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்டார். கயிறு, கண், இடறாத நாக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“கெட்டிக்காரி. யாரு, எப்படின்னு ரெண்டும் சொல்லிட்ட. ஏன்னு சொல்லு பாப்போம்.”

அதுதான் வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, “நம்ம தோட்டத்துல டாக்டரே கிடையாதே மாமா. வேற ஆளா கிடைக்கல?” என்றேன்.

“கிடையாது பாரு. அதான்” என்றார்.

பிறகு தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையாலேயே அடுப்பில் போடவைத்தார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. நான் யாரிடமும் எதையும் சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். அச்சில் வந்ததை மாற்றுவது பெரிய பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து லிங்கியிலிருந்து விருந்துக்கு வந்த ஒருவர், அந்தக் கதையில் கடைசியில் பொண்டாட்டிதானே கொன்றவள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் ஆட்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள். “பேப்பர ஒழுங்காப் படிங்க லா. வாளி நெறைய பால் இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?” பாவம், தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

மாமா அதற்குப் பிறகு கதை வாசிக்கவில்லை. கண் மங்குகிறது என்று சொல்லிப் பத்திரிகை வேலையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார். ஐம்பது முழம் தள்ளிப் பறக்கும் குருவியைக் காட்டுகிற கண் அது. அக்கா கடைசி வரை அந்தத் தோட்டத்திலேயே இருந்தாள். எனக்குக் கல்யாணத்துக்குத் தலை பின்னிவிட்டது அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ‘முற்றும்’ என்று சொன்ன பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. மாமா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குழாய்ப் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

“தங்கச்சி, தொண்டை காஞ்சு போச்சு. ஒரு கோப்பி குடு.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தண்ணீர் கொதித்து, கலந்து, எடுத்து வரும்வரை எண்பது பேரும் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். விளிம்பு வரை நிறைந்த குவளையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். மாமா எழுந்து நின்று வாங்கினார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். ஆவி பறக்கிற கோப்பியை அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்.

“எனக்கும் ஒண்ணு ஊத்து. சீனி கம்மியா” என்றாள் பெரியம்மா.

இவ்வளவு சூட்டை ஊதிக் குடிக்கக் கூடாதா, நாக்கு வெந்துபோகுமே இந்த மாமாவுக்கு என்றுதான் அன்று நான் நினைத்தேன்.