கிணற்றில் இறக்கிய விளக்கு

எங்கள் வீட்டில் விளக்கு அணையாது, மலையேறும். அது எந்த மலை என்று யாரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமையன்று தானாக மலையேறினால் வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அப்படியொரு வெள்ளிக்கிழமை காலையில்தான் எங்கள் கரமனை வீட்டுக் கிணற்றில் மோட்டார் குழாயின் அடிப்பக்கம் அடைத்துக்கொண்டது. எனக்குப் பதினோரு வயது. மாதக்கணக்காகத் தகரம் போட்டு மூடிய கிணறு. இடுக்கு வழியே விழுந்த பலா இலைகள் உள்ளேயே அழுகிக் கிடந்தன. சித்தப்பா இறங்குவதாக முடிவாயிற்று. ஆள் இறங்குமுன் வாளியில் அகல் விளக்கை வைத்து இறக்கிப் பார்ப்பது எங்கள் தெரு வழக்கம். எரிந்தால் இறங்கலாம். அப்பா சித்தப்பாவின் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்ததால் வாளி என் கைக்கு வந்தது.

தண்ணீருக்கு இரண்டு முழம் மேலே சுடர் சுருங்கி, பொட்டென்று போயிற்று. காற்றே இல்லை. எனக்குப் பயம் வந்தது. சித்தப்பாவை நினைத்து அல்ல, அம்மாவை நினைத்து.

“எரியறதோடீ?” என்றார் சித்தப்பா.

“நன்னா எரியறது சித்தப்பா.”

வாளியை மேலே இழுத்துப் பாவாடையால் மறைத்துக்கொண்டேன். அவர் இறங்கினார். பாதிவரை ஏதோ கிண்டலாகப் பேசிக்கொண்டே போனார். பிறகு பேச்சு நின்றது. கயிறு சட்டென்று கனத்தது.

“கயறைப் பிடிங்கோ!” என்று அப்பா அலற, பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து சேர்ந்து இழுத்தார். மேலே வந்த முகத்தில் இரத்தமே இல்லை. கண்கள் செருகியிருந்தன. சித்தப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். துவைக்கிற கல்லருகே கிடத்தி நெஞ்சைத் தேய்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

“கொழந்தை எரிஞ்சதுன்னாளே?” என்றார் அப்பா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாளியைப் பாவாடைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டேன்.

“அவ பாத்தப்போ எரிஞ்சிருக்கும்” என்று சித்தப்பா முனகினார்.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் மலையாளத்தில் பாடம் நடத்தினார். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதிலும் ஆக்சிஜன் உண்டு. ஆனால் ஒரு கார்பன் இரண்டு ஆக்சிஜனையும் இரட்டைப் பிணைப்பில் பிடித்திருக்கிறது, நம் மூச்சுக்குத் துளியும் விடாது. விளக்கு அபசகுனம் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லியிருந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, எனக்குப் பன்னிரண்டு வயதில், சித்தப்பா மறுபடியும் கிணற்றில் இறங்க வேண்டிவந்தது. “கொழந்தையே வெளக்கை இறக்கட்டும். அவ கண்ணு நல்ல ஷார்ப்பாக்கும்” என்றார். இம்முறை சுடர் தண்ணீரைத் தொடும்வரை ஆடாமல் எரிந்தது. போன வருஷம் கிணற்றிலிருந்து மேலே வந்த முகம் கண்முன் வந்தது.

“மலையேறிடுத்து” என்றேன்.

சித்தப்பா எட்டிக்கூடப் பார்க்காமல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். தப்பித்தேன் என்று மட்டும்தான் எனக்கு அன்று தோன்றியது; அவர் என் சொல்லை அப்படியே நம்பியது பிறகுதான் உறைத்தது.