புளியில் தேய்த்த பித்தளை

நாகலாபுரம் நிறுத்தத்துக்குக் கம்பெனி பஸ் அன்றைக்குத் தாமதமாக வந்தது. டிரைவர் முனிரத்தினத்தை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று படியில் கால் வைத்தேன். அவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "மேடம், புத்தூருல சேகர் சார் ஏறல. விடியக்காத்தால திருப்பதி ஆஸ்பத்திரியில போயிட்டாரு. ஹார்ட் அட்டாக்காம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இத்தனை வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதாவது! முனிரத்தினம் மேலிடத்தில் யாரையும் கேட்காமல் வண்டியைப் புத்தூருக்கே திருப்பினார். அந்த பஸ்ஸில் இருந்த நீங்கள்தான் இதை முதலில் படிக்கப்போகிறீர்கள். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் நேரில் சண்டைக்கு வாருங்கள்.

தனசேகரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் அவர் தரச் சோதனைப் பிரிவு, நான் ஸ்டோர்ஸ். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தூரில் அக்கா கஸ்தூரியோடு இருந்தார். வேலை நேரம் போக மீதி உயிரை அவர் வைத்திருந்தது ப்ளூஸ் மேல். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காடுகளில் கூலிக்குப் பாடுபட்ட கறுப்பின மக்கள் உண்டாக்கிய பாட்டு அது. தொழிற்சாலை தொடங்கிய புதிதில் மெஷின் பொருத்த ஓர் அமெரிக்க மெக்கானிக் வந்திருந்தார். கரண்ட் போன ஒரு மத்தியானம் அவர் கேண்டீன் படிக்கட்டில் உட்கார்ந்து மவுத் ஆர்கனில் அதை வாசித்தார். தனசேகர் சோறு பிசைந்த கையோடு எழுந்துபோய் எதிரில் நின்றார். கையில் சோறு காய்ந்துபோகும்வரை நின்றார். அன்றைக்குப் பிடித்தது கடைசிவரை விடவில்லை.

பாட்டைச் சேகரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் சேகரித்தது பாடியவர்களின் சாமான்களை. சட்டைப் பொத்தான், தொப்பியின் நாடா, கிட்டாரின் முறுக்காணி, சத்தம் செத்துப்போன மவுத் ஆர்கன், பல் உடைந்த சீப்பு. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்களோடு போனில் பேசிப் பேசி வரவழைப்பார். "பழைய இரும்புக்காரன்கூட எடைக்கு எடுக்க மாட்டாண்ணா" என்று நான் சீண்டுவேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "பாட்டு எல்லாருக்கும் கெடைக்கும் வசந்தா. பாடினவன் கை பட்டது ஒண்ணே ஒண்ணுதான் கீது. அது நம்ம புத்தூருல கீது பாரு" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அலமாரியைத் திறந்து சாமானைக் கையிலேயே கொடுத்துவிடுவார். பால்காரர்கூட அந்தத் தொப்பி நாடாவைத் தடவிப் பார்த்திருக்கிறார்.

ஒருநாள் காலையில் நாகலாபுரம் தாண்டி பஸ் நின்றுபோனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தோம். தனசேகர் தன் டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்து மோதிர விரலால் தட்ட ஆரம்பித்தார். ப்ளூஸில் ஒரு வரியை இரண்டு தடவை பாடிவிட்டு மூன்றாவது வரியில் பதில் சொல்வார்களாம். "காலையில எழுந்தேன், கம்பெனி பஸ்ஸு நின்னுப்போச்சி" என்று பாடினார். அதையே மறுபடியும் பாடினார். பிறகு, "நின்னா நிக்கட்டும்டா நைனா, டிபன் பாக்ஸ் என் கையில கீது" என்று முடித்தார். பஸ்ஸே கைதட்டியது. அதற்குப் பிறகு வண்டி எங்கே மக்கர் செய்தாலும் யாராவது பின்னாலிருந்து "சார், மூடி" என்று குரல் கொடுப்பார்கள். தட்டித் தட்டி அந்த மூடியின் நடுவில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அவருடைய அலமாரியில் ராஜா என்றால் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு. விரல் நீளம்கூட இராது. கிட்டார் வாசிப்பவர் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்கினால், கிட்டார் மனுஷக் குரலில் அழும். அதை மாட்டி வாசித்தவர் எப்போதோ இறந்துபோன ஒரு பாடகர். அவர் பெயர் என் வாயில் சரியாக வந்ததே இல்லை, அதனால் எங்களுக்குள் அவர் வெறும் 'பெரியவர்'. அந்த மெக்கானிக்கின் மாமா பெரியவரோடு டிரம் அடித்தவராம். அடுத்த தடவை வந்தபோது மெக்கானிக் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புத்தூர் மாம்பழம் தின்ற நன்றிக்கு என்று சொன்னாராம். குழாய் முழுக்கக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புதான் பெரியவரின் வேர்வை, பெரியவரின் காலம் என்று தனசேகர் நம்பினார். தண்ணீர்த் துணிகூட அதன்மேல் பட விடமாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. மற்றவர் வீட்டில் அரிவாள்மணைக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைப்பார்கள். தனசேகர் வீட்டில் பெரியவரின் ஆயுதத்துக்கும் பொட்டு உண்டு, அது அவரே ஏற்படுத்திய வழக்கம். வழக்கமாக அவரே எடுத்து வைப்பார். அந்த வருடம் தொழிற்சாலைப் பூஜையில் பூசணிக்காய் உடைக்கிற வேலை அவர் தலையில் விழுந்துவிட்டது. மாலை பொரிப் பொட்டலத்தோடு நானும் அவரோடு வீட்டுக்குப் போனேன். பூஜைப் பலகையில் அந்தக் குழாய் புதுக் கல்யாணப் பெண்போல மின்னிக்கொண்டிருந்தது. கஸ்தூரி அக்கா புளி போட்டுத் தேய்த்து, விபூதி போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். "சாமி முன்னாடி வெக்கிறத இப்படியாடா கருப்பு புடிக்க வுட்டு வெப்ப? தேச்சித் தேச்சி என் கையே போயிடுச்சி" என்றார். தனசேகரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது, "நல்லா கீதுக்கா" என்பது மட்டும்தான். பிறகு உட்கார்ந்து அவல் பொரி தின்றார். அவரை மிஞ்சிய மனுஷன் எனக்குத் தெரிந்து இல்லை.

சேகரிப்பவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் யாரோ குழாயின் புதுப் படம் கேட்க, இவர் மறைக்காமல் படத்தையும் போட்டு நடந்ததையும் எழுதிவிட்டார். பிடித்துக்கொண்டார்கள். எங்கேயோ குளிர் நாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய நிபுணர், இனி அது வெறும் குழாய்த் துண்டு என்றும், இப்படிப்பட்ட பொருள் அதன் அருமை தெரிந்த கைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் எழுதினார். எனக்கு ரத்தம் கொதித்தது. பதிலுக்கு நான் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது. தனசேகர் அலமாரியைப் பூட்டிவிட்டார். யார் வந்தாலும் திறப்பதில்லை. பஸ்ஸில் "சார், மூடி" என்று கேட்டால் தூங்குகிறவர்போல் கண்ணை மூடிக்கொள்வார். "அவன் சொன்னது சரிதாம்மா. வெச்சிக்கத் தெரியாதவன்கிட்ட வந்து மாட்டிகிச்சி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இந்தச் சண்டை சுற்றிச் சுற்றிப் பெரியவரின் மகள் காதுக்கே போய்விட்டது. எழுபதைத் தாண்டிய அம்மாள். மகனுக்குச் சென்னையில் வேலை, அவரைப் பார்க்க வந்திருந்தவர் அப்பாவின் பொருளையும் பார்க்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார். தனசேகர் நடுங்கிப்போனார். "இன்னா மூஞ்ச வெச்சிகினு காட்றது?" என்று கேட்டார். துணைக்கு நானும் வரவேண்டும் என்றார். அப்போதுதான் கஸ்தூரி அக்காவுக்கே விஷயம் முழுதும் தெரிந்தது. "இத்தினி நாளா என்கிட்ட சொல்லாம மனசுல வெச்சிகினு இருந்தியாடா?" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா முன்னாடி நான் நிக்கிறேன். தேச்சவ நான். திட்டினா நான் வாங்கிக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. ஊதா நிறக் கவுன் போட்ட உயரமான அம்மாள், கையில் தடி. தனசேகர் பூட்டைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் குழாயை நீட்டினார். அந்த அம்மாள் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் நசுங்கியிருந்த ஒரு சொட்டையைத் தடவினார். கஸ்தூரி அக்கா முன்னால் வந்து, "நான்தாம்மா தேச்சேன்" என்றார். நான் இங்கிலீஷில் சொன்னேன். எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். அக்கா சமையல்கட்டுக்குள் போய் ஒரு புளி உருண்டையைக் கொண்டுவந்து காட்டினார், குற்றவாளி ஆதாரத்தை நீட்டுவதுபோல.

அந்த அம்மாள் அதைக் கிள்ளி நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்: அவர் அப்பா ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வாசற்படியில் உட்கார்ந்து எலுமிச்சையும் உப்பும் போட்டு இதைத் தேய்ப்பாராம். அடுப்புச் சாம்பலால் துடைப்பாராம். யார் தேய்ப்பது என்று பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்குமாம். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் என் விரல் மின்னுவது தெரிய வேண்டும் என்பாராம். ஒருநாள் அவசரத்தில் தேய்க்கும்போது இந்த அம்மாள் கை தவறிப் படியில் போட்டதுதான் அந்தச் சொட்டை. கறுப்பு என்பது அப்பா இறந்தபிறகு யாரும் கவனிக்காமல் விட்டதால் ஏறியது. "படத்தில் கறுப்பாகப் பார்த்தபோது இது அப்பாவுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதோ, இதுதான் அப்பாவுடையது" என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தனசேகர் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் நடந்தது திருவிழா. அந்த அம்மாள் கஸ்தூரி அக்காவோடு கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து புளியில் தேய்க்கக் கற்றுக்கொண்டார். அவர் தடியைத் தரையில் தட்டி அப்பாவின் பாட்டைப் பாட, தனசேகர் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துவந்து தாளம் போட்டார். பெரியவரின் பொருள் புத்தூரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் காரில் ஏறினார். அன்றைக்கே குழுவிலும் எழுதினார். தன் அப்பாவின் கையை அறிந்த கை உலகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, அது கஸ்தூரியின் கை என்று எழுதினார். அந்தக் குளிர் நாட்டு நிபுணர் மன்னிப்புக் கேட்டார். கூடவே புளி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார். "அவனுக்கும் ஒரு உருண்ட அனுப்புடா, பாவம்" என்றார் அக்கா. உண்மையாகவே அனுப்பினார்கள். அலமாரிப் பூட்டு அப்புறம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் யாரும் கேட்காமலே மூடி கழன்றது. சத்தியவேடு வரும்வரை தனசேகர் தட்டிக்கொண்டே வந்தார்.

பஸ்ஸோடு நாம் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் இறங்கினோமே, அப்போது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுண்டுவிரலில் அந்தக் குழாய் இருந்தது. அவ்வளவு அழுகைக்கு நடுவில் உட்கார்ந்து புளி கரைத்துத் தேய்த்து அக்காதான் மாட்டியிருந்தார். கடைசி வரிசையில் நின்ற முனிரத்தினம்கூட, "சார் கையில இன்னா மேடம் மின்னுது?" என்று கேட்டார். தூக்குவதற்கு முன் அக்கா அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். இப்போது அது மறுபடியும் அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் போனால் நீங்களும் தேய்க்கலாம், அக்கா கையில் கொடுப்பார்.

காரியம் முடிந்ததும், உனக்கு என்ன வேண்டும் என்று அக்கா என்னைக் கேட்டார். அந்த டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டேன். அதை நான் அலமாரியில் வைக்கவில்லை. தினமும் அதில்தான் சோறு கட்டிக்கொண்டு போகிறேன், தினமும் தேய்க்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் அவருடைய ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. மூடியில் இருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "புது பாக்ஸுல அதுக்குள்ள சொட்டையாக்கா?" என்று கேட்டாள். "புதுசு இல்லம்மா, தனசேகர் அண்ணாவோடது" என்று சொல்லி, மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.