வந்தனா வீட்டு ஃப்ரிட்ஜ்

மாட்டுங்கா லேபர் கேம்பில், இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஒரு மாடி அறையில் நஜ்முன்னிசா தனியாக இருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து ஏழு வருடம். ஒரே மகள் ஆஸியா கல்யாணமாகி உல்லாஸ்நகரில் இருக்கிறாள். தைத்து வரும் ஜீன்ஸ் பேண்ட்களில் தொங்கும் நூலைக் கத்தரித்துக் கொடுப்பது நஜ்முன்னிசாவின் வேலை. வாரம் ஒருமுறை பேண்ட் கட்டு கொண்டுவருகிறவனைத் தவிர யாரும் அந்த ஏணியில் ஏறுவதில்லை.

சர்க்கரைக்காகக் காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்வாள். குப்பி கீழ்வீட்டு வந்தனாவின் ஃப்ரிட்ஜில் இருக்கும். எடுக்கப் போனால் வந்தனா அரை மணி நேரமாவது பேசாமல் விடமாட்டாள். ஜனவரியில் அந்தக் குடும்பம் செம்பூருக்குக் குடிபோனது. கீழே பெல்ட் தைக்கும் பட்டறை வந்தது. எல்லாம் ஆண்கள். அங்கே ஃப்ரிட்ஜும் இல்லை. குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தண்ணீர்ச் சொம்புக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் மார்ச்சிலேயே மே மாதம் போலக் காய்ந்தது. இருட்டிய பிறகும் தகரக் கூரை ஆறவில்லை. மத்தியானத்தில் சொம்புத் தண்ணீர் கையைச் சுட்டது. குடிக்கக் குடிக்கத் தாகம் எடுத்தது. வலது கால் விரலில் பட்ட சிராய்ப்பு ஆறவேயில்லை. வெக்கைதான் காரணம் என்று நினைத்தாள்.

டிஸ்பென்ஸரி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஊசி போடாமல் ஏமாற்றினால் இப்படித்தான் ஆகும் என்று இந்தியில் கடிந்துகொண்டார். தினமும் போடுவதாகச் சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அளவைக் கூட்டி எழுதினார்.

மகளுக்கு போன் செய்து ரிப்போர்ட்டில் இருந்த சர்க்கரை அளவைச் சொன்னாள்.

“உம்மா, உண்மையச் சொல்லு. ஊசி ஒழுங்காப் போடுதியா?”

“போடுதேன் புள்ள.”

“பெறவு எப்படி முந்நூத்தம்பது வரும்?”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் காலண்டரில் ஒரு கோடு போட்டாள். அதைப் பார்க்கத்தான் யாருமில்லை.

மே மாதம் ஒரு காலையில் வாந்தி எடுத்தாள். எழுந்திருக்கப் போனவள் குடத்தைத் தட்டிவிட்டு, பேண்ட் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தரைப் பலகை இடுக்கு வழியாகக் கீழே பட்டறைக்குள் சொட்டியது. பட்டறைக்காரர் உதுமான் சண்டை போடத்தான் ஏணியில் ஏறினார். பார்த்ததும் ஆட்களைக் கூப்பிட்டு, அவளைத் தூக்கி இறக்கி, டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் நினைவு தெளிந்தது. வார்டில் செண்பகவல்லி என்ற நர்ஸ் தமிழில் பேசினாள்.

“இன்சுலின எங்கம்மா வச்சிருந்திய?”

“சொம்புத் தண்ணிக்குள்ள.”

“வீடு தகரமா?”

“ஆமா.”

“அந்த வெக்கையில மருந்து கெட்டுப்போயிருக்கும். நீங்க போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்.”

நஜ்முன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நான் போட்டேன்னு நம்புதியளா?”

“நம்பாம? வயித்துல ஊசித் தடம் கெடக்கே.”

நஜ்முன்னிசா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். மறுநாள் வலது காலில் அழுகிப்போயிருந்த இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸியா வந்தாள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அழுதாள். “பத்து நாள் எங்கூட வந்து இரு உம்மா,” என்றாள். ஆஸியாவின் வீட்டில் ஒரே அறையில் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள். பத்து நாள் என்று ஏன் சொன்னாள் என்பது நஜ்முன்னிசாவுக்குப் புரிந்தது. “கால் ஆறட்டும், பாப்போம்,” என்றாள்.

இப்போது குப்பி தெருமுனை மெடிக்கல் ஷாப்பின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. காலையும் மாலையும் ஏணிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போகிறாள். கடைக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் குப்பியை நீட்டுவார். கடை ஓரமாகத் திரும்பி நின்று ஊசி போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். இன்று வெக்கை அதிகம் என்றோ, மழை வரும் போலிருக்கிறது என்றோ இந்தியில் ஏதாவது சொல்வாள். அவர் தலையை ஆட்டுவார். பின்னால் யாராவது மருந்துச் சீட்டை நீட்டும்வரை அங்கேயே நிற்பாள்.